நாய்க்குப் போட்ட நீர்ப்பை

டோல்மா காருக்குள் ஏறினாள். பெல்ட்டைப் போடவில்லை. கையிலிருந்த கடிதத்தை என் மடியில் வைத்துவிட்டு, வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை அழுத்திக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். கண்ணாடியில் பனி உருகி வழிந்துகொண்டிருந்தது.

கனடாவில், ரெக்ஸ்டேல் பகுதியில் நாங்கள் வேலை செய்த முதியோர் இல்லத்தின் பின்பக்கக் கார் தரிப்பிடம் அது. காலை ஷிஃப்ட் முடிந்திருந்தது. எத்தனை முறை கழுவினாலும் போகாத சோப்பு மணம் இரண்டு பேர் கையிலும் இருந்தது.

கடிதத்தை வாசித்தேன். ஈரலில் பெரிய கட்டி. புற்றுநோயா இல்லையா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். ஊசி விட்டு, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள்.

"கான்சர் எண்டால் எத்தினை மாதம் இருப்பன் அக்கா?"

 நீர் நிறைந்த பை போன்ற கட்டி, அதற்குள் சின்னச் சின்னப் பைகள் என்று எழுதியிருந்த வரியைத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். இருபது வருடமாக நான் தொடாத ஒரு புத்தகத்தின் பக்கம் மனதுக்குள் திறந்தது.

"டோல்மா, உங்கடை மாடுகளை வெட்டேக்கை நுரையீரலிலை, ஈரலிலை தண்ணிப் பை மாதிரி ஏதும் பார்த்திருக்கிறியே?"

"எத்தினையோ தரம்."

"அதை என்ன செய்வீங்கள்?"

"என்ன செய்யிறது? நாய்க்குப் போடுவம்."

நான் எஞ்சினை நிறுத்தினேன்.

அச்சாவும் அக்காவும்

டோல்மாவை உங்களுக்கு அறிமுகம் செய்யாமல் மேலே போவது சரியில்லை.

நேபாளத்தின் வட எல்லையில், திபெத்தை ஒட்டிய மலைநாட்டில் பிறந்தவள். மரம் முளைக்காத உயரம். யாக் என்னும் சடைமாடு மேய்க்கும் குடும்பம். பதினெட்டு வயதில் காத்மண்டுவுக்கு இறங்கி வீட்டுவேலை செய்து, பிறகு பிள்ளை பார்க்கும் வேலைக்காகக் கனடா வந்து, கடைசியில் எங்கள் முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். குடியிருந்தது பார்க்டேலில். வேலை முடிந்ததும் அவளை நிலக்கீழ் ரயில் நிலையம் வரை கொண்டுபோய் விடுவேன். அந்த இருபத்தைந்து நிமிடம்தான் எங்கள் நட்பு முழுவதும் வளர்ந்த இடம்.

எங்கள் இல்லத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் நாலைந்து பேர் வேலை செய்தோம். எல்லோரும் என்னை மலர் அக்கா என்பார்கள். அதைக் கேட்டு அவளும் அப்படியே கூப்பிட்டாள். அவர்களுடைய மொழியில் மூத்த சகோதரியை 'அச்சா' என்பார்களாம். "உங்கடை சொல்லும் எங்கடை சொல்லும் பக்கத்து வீடுகள்" என்றாள்.

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில்தான். இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம். ஆனால் இப்போது நினைக்கும்போது அவள் சொன்னதெல்லாம் எனக்குத் தமிழில்தான் கேட்கிறது. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

ஒருநாள் நான் 'யாக் பால்' என்று ஏதோ சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யாக் என்பது காளையாம். பசுவுக்கு 'டிரி' என்று பெயராம். "நீங்கள் காளை மாட்டிலை பால் கறக்கச் சொல்லுறீங்கள் அக்கா. அதுவும் ஒரு மாட்டு டொக்டர்."

ஆம், நான் மாட்டு டொக்டர்தான். அல்லது, இருந்தேன்.

நான் விட்டுவிட்டு வந்தது

நான் எழுதிவரும் இந்தத் தொடரில் இதுவரை அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. கேட்டு எழுதிய வாசகர்களுக்கும் பதில் போடவில்லை.

நான் படித்தது மிருக வைத்தியம். ஆறு வருடம் அரசாங்க வேலை பார்த்தேன், அதிலும் பெரும்பகுதி மட்டக்களப்புப் பக்கம், எருமைப் பட்டிகளுக்கு நடுவில். சேற்றுக்குள் இறங்கி, கன்று குறுக்கே கிடந்த எருமைக்கு உள்ளே கைவிட்டு இழுத்திருக்கிறேன். பிறகு யுத்தம் வந்து நாட்டைவிட்டு வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கனடாவில் திரும்பப் பரீட்சை எழுதவேண்டும் என்றார்கள். முதல் வருடம் புத்தகம் வாங்கினேன். இரண்டாம் வருடம் மகன் பிறந்தான். மூன்றாம் வருடம் அந்தப் புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டுக் கட்டினேன்.

அதற்குப் பிறகு முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சோறு ஊட்டினேன். நல்ல வேலை. அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. ஆனால் நான் என்னவாக இருந்தேன் என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாவம் பார்ப்பார்கள். டோல்மாவுக்கு மட்டும் சொன்னேன். மாடு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்த ஒரே ஆள் அவள்தான்.

வட்டமாக நடக்கும் நோய்

அவள் சொன்ன மாட்டுக் கதைகளில் ஒன்று என்னை விட்டுப் போகவில்லை.

அவர்கள் ஊரில் இளம் யாக்குகளுக்கு ஒரு நோய் வரும். ஒன்றிரண்டு வயதுக் கன்று, நன்றாக மேய்ந்துகொண்டிருந்தது, ஒருநாள் தலையை ஒரு பக்கம் சரித்தபடி வட்டமாக நடக்கத் தொடங்கும். பிறகு வட்டம் சுருங்கும். மேய மறக்கும். மந்தையோடு போகத் தெரியாமல் நிற்கும். சரிவில் கால் தவறி உருண்டு சாகும், இல்லாவிட்டால் மெலிந்து சாகும்.

அவளுடைய தகப்பன் விரல்களால் கன்றின் மண்டையை அமர்த்திப் பார்ப்பார். எலும்பு மெலிந்து மெத்தென்று இருக்கும் இடம் தெரிந்தால், அங்கே கத்தியால் திறந்து உள்ளே இருக்கும் நீர்ப்பையை இழுத்து எடுப்பார். சில கன்றுகள் பிழைக்கும். பல பிழைக்காது.

"ஒரு குளிர்காலம் ஏழு கன்று போச்சு. அடுத்த வருஷம் அஞ்சு. கன்று இல்லாட்டில் நாலு வருஷத்திலை டிரி இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை. சாமான் சுமக்க மாடு இல்லை. எரிக்கச் சாணி கூட இல்லை. அப்பாவாலை அங்கை இருக்க ஏலாமல் போச்சு. றோட்டு வேலைக்குக் கீழை இறங்கினார். அதுதான் நானும் இறங்கினது."

செத்த கன்றின் தலையை நாய்களுக்குப் போடுவார்கள். மண்டையிலிருந்து எடுத்த பையையும்தான். காவல் நாய் இல்லாமல் ஓநாயிடமிருந்து மந்தையைக் காப்பாற்ற முடியாது, நாய்க்கும் சாப்பாடு வேண்டும்.

அதில்தான் விஷயம் இருந்தது. அந்தப் பைக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சுகள். நாய் தின்றால் அதன் குடலில் புழு வளரும். நாய் கழிக்கும் இடத்துப் புல்லில் முட்டை விழும். அதை மேயும் கன்றின் தலைக்குள் மறுபடி பை வளரும். இந்தப் புழுவுக்கு ஒரு சொந்தக்காரப் புழு உண்டு. அது தலைக்குப் போகாது. நுரையீரலிலும் ஈரலிலும் தங்கும். அதற்கு மாடு என்றும் மனிதர் என்றும் வேறுபாடு தெரியாது. நாயைத் தடவிய கையால் ஒரு பிள்ளை சாப்பிட்டாலே போதும். உள்ளே போனது இருபது வருடம் சத்தமில்லாமல் வளரும்.

நம்முடைய கோயில்களில் சாமிக்கு வீசும் வெண்சாமரம் யாக்கின் வால்மயிர் என்று அவளுக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறேன். "அப்ப எங்கடை மாடு உங்கடை கடவுளுக்கும் வேலை செய்யுது" என்று பெருமைப்பட்டாள். அந்த மாட்டிலிருந்து இப்படியொன்றும் அவளோடு கடல் கடந்து வந்திருக்கும் என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை. கதை முழுவதையும் கேட்டிருந்தும் தோன்றவில்லை. அந்தக் கடிதம்தான் தோன்றவைத்தது.

வியாழக்கிழமை

அந்தக் கட்டிக்குள் யோசிக்காமல் ஊசி விட்டால் ஆபத்து. உள்ளிருக்கும் நீர் வயிற்றுக்குள் கசிந்தால் ஒவ்வாமையால் உடம்பு ஒரே நிமிடத்தில் நிலைகுலைந்துவிடும். மூச்சு அடைக்கலாம், உயிரும் போகலாம். தப்பினாலும் சிந்திய இடமெல்லாம் புதிய கட்டி முளைக்கும்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் தொலைபேசினேன். குரல்பதிவில் செய்தி விட்டேன். யாரும் திருப்பி எடுக்கவில்லை.

என் கணவர் சாப்பாட்டு மேசையில் இருந்து கேட்டார். "நீர் அங்கை போய் என்னெண்டு சொல்லப் போறீர்? இவ்வளவு மெஷின் வைச்சிருக்கிறவைக்குத் தெரியாததே உமக்குத் தெரியப்போகுது?"

"தெரியாமல் இருக்கலாம். மாட்டைப் பற்றி அவையள் கேட்டிருக்க மாட்டினம்."

"நீர் சொல்லுறது பிழையெண்டால்?"

"பிழையெண்டால் எனக்கு வெட்கம். நான் சொல்லாமல் விட்டு, அது சரியெண்டால் அவள் இருக்க மாட்டாள்."

 வியாழக்கிழமை காலை அவரே காரில் பனியைச் சுரண்டிவிட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டோல்மாவை நீல அங்கி உடுத்திக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். தாதி ஒருத்தி கையில் ஊசிக்குழாய் பொருத்திக்கொண்டிருந்தாள். "டொக்டரோடு ஒரு நிமிடம் பேசவேண்டும்" என்றேன். நீங்கள் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

"கூட வேலை செய்யிறன்."

"அப்படியானால் வெளியிலை இருங்கோ."

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். எருமையின் கொம்புக்கு முன்னால் நின்றபோதும் அவ்வளவு பயந்ததில்லை. அப்போது டோல்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "இவ என்ரை அக்கா. இவவோடை கதைக்காமல் எனக்கு ஊசி விடவேண்டாம்" என்றாள்.

டொக்டர் வந்தார். இளம் பெண். முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. வீட்டில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வசனங்கள் எல்லாம் போய்விட்டன. கட்டியின் பெயரை மட்டும் சொன்னேன். புழுவின் பெயரைச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்கள் டொக்டரா?"

"ஓம். மாடுகளுக்கு."

அவர் சிரிக்கவில்லை. கோப்பைப் புரட்டினார். "பிறந்த இடம் காத்மண்டு என்று இருக்கிறதே. நகரம்தானே?"

"பாஸ்போட்டிலை அப்பிடித்தான் போடுவம்" என்றாள் டோல்மா. "எங்கடை ஊரின்ரை பேரைச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது."

"நீங்கள் அங்கே என்ன வேலை செய்தீர்கள்?"

"மாடு மேய்ச்சன். நாயோடை படுத்தன். குளிருக்கு நாயைக் கட்டிப்பிடிச்சுத்தான் படுக்கிறது."

டொக்டர் கோப்பை மூடினார். தாதியிடம், "இன்றைக்கு ஊசி இல்லை. இரத்தம் மட்டும் எடுங்கள்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் எந்த நாட்டில் படித்தேன், எத்தனை வருடம் வேலை பார்த்தேன் என்று கேட்டார். கேட்டு, நான் சொன்னதைக் கோப்பில் எழுதிக்கொண்டார்.

பெயர் தெரிந்த பிறகு

நான் சொன்னது சரியாக இருந்தது. இரண்டு கிழமை கழித்து அந்த டொக்டரே டோல்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். சில மாதம் புழு மாத்திரை. அதன் பிறகு சத்திரசிகிச்சை. ஈரலில் ஒரு துண்டையும் சேர்த்து எடுத்தார்கள். தையல் பிரித்த அன்று அவளுக்கு ஆட்டெலும்பு ரசம் கொண்டுபோனேன். போத்தலைத் திறந்து மணந்துவிட்டு அழத் தொடங்கினாள்.

காயம் நோகிறது என்று நினைத்தேன். அது இல்லை.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவள் அக்கா. பேமா. ஒன்பது வயசிலை வயிறு வீங்கிச் செத்தவள். தண்ணியிலை இருக்கிற நாகங்களுக்குக் கோபம் எண்டு சொல்லிச்சினம். அப்பா ஊற்றுக்குப் பால் வார்த்தார். மூண்டு நாள் நடந்து லாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்."

நானும் நாகதம்பிரானுக்குப் பால் வைத்த வீட்டிலிருந்து வந்தவள்தான். 

"நாய்க்குச் சாப்பாடு போடுறது என்ரை வேலை. தலையையும் ஈரலையும் நான்தான் தூக்கிக்கொண்டு போய்ப் போடுறனான். அவள் எனக்குப் பின்னாலை வருவாள். நாய் தின்னத் தின்ன அதைத் தடவிக்கொண்டு இருப்பாள்." அவள் என் கையைப் பிடித்தாள். "நான்தானே அக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் கேட்டது ஆறுதலை அல்ல. நான் வைத்தியம் படித்தவள் என்பதற்காகக் கேட்டாள்.

"அதாலைதான் வந்திருக்கும்" என்றேன். "நீ செய்தது எல்லா வீட்டுப் பிள்ளையளும் செய்ததுதான். உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லவேண்டிய எங்களை மாதிரி ஆக்கள் அந்த மலைக்கு ஏறேல்லை."

அவள் போத்தலை மூடி வைத்தாள். பிறகு, "அண்ணா இன்னும் அங்கைதான் இருக்கிறான். அவனுக்கு இரண்டு பிள்ளையள். இப்பவும் நாய்க்குத்தான் போடுறான்" என்றாள்.

நோர்புவின் கேள்விகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்டேலில் அவளுடைய ஆறாம் மாடி வீட்டுக்குப் போனேன். சமையலறை முழுக்க வெண்ணெய்த் தேநீரின் உப்பு மணம். மேசையில் தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து அண்ணனைக் கூப்பிட்டாள். அங்கே மாலை. தொலைபேசிக் கோபுரம் வந்து ஒரு வருடம்தான் ஆகிறதாம். மந்தையோடு கீழே இறங்கும் காலத்தில் மட்டும் படம் வரும்.

நோர்பு நாற்பதைத் தாண்டியவன். வெயிலில் கறுத்து வெடித்த கன்னம். நான் சொன்னதை டோல்மா மொழிபெயர்த்தாள். தலையையும் ஈரலையும் பச்சையாக நாய்க்குப் போடக்கூடாது. ஆழமாகப் புதைக்கவேண்டும், அல்லது எரிக்கவேண்டும்.

அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டான். நிலம் பாறை மாதிரி உறைந்திருக்கும், எதனால் தோண்டுவது? ஒரு தலையை எரிக்க எவ்வளவு சாணி வேண்டும், அவ்வளவு எரித்தால் பிள்ளைகள் எதில் குளிர் காய்வது? நாய் பட்டினி கிடந்தால் ஓநாயை யார் துரத்துவது?

 புத்தகத்தில் 'புதைக்கவும்' என்று ஒரே சொல்லில் போட்டிருந்ததை நானும் ஒரே சொல்லில் சொல்லியிருந்தேன். கூச்சமாக இருந்தது.

மூன்று பேருமாக யோசித்தோம். எரிக்கவேண்டாம், அவிக்கலாம். எப்படியும் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிறது. பைகளை மட்டும் வெட்டி எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, மிச்சத்தை நன்றாக அவித்து நாய்க்குக் கொடுக்கலாம். தலைகளைக் கல் அடுக்கி மூடலாம், கல்லுக்கு அங்கே குறைவில்லை. நாய்களுக்கு ஆறு கிழமைக்கு ஒருமுறை புழு மாத்திரை. அதைக் காத்மண்டுவில் வாங்கி அனுப்ப டோல்மாவின் சிநேகிதி இருக்கிறாள்.

"இது செய்யலாம்" என்றான் நோர்பு. பிறகு கொஞ்சம் தயங்கி ஏதோ கேட்டான். டோல்மா மொழிபெயர்க்கவில்லை. தலை குனிந்திருந்தாள்.

"என்னவாம்?"

"பேமாவுக்கும் உதுதானோ எண்டு கேட்கிறான்."

அவள் தன் மொழியில் பேசத் தொடங்கினாள். எனக்குச் சொற்கள் விளங்கவில்லை. ஆனால் என்ன சொல்கிறாள் என்று தெரிந்தது. கைகளை நீட்டி, எதையோ தூக்கிக்கொண்டு போய்ப் போடுவதுபோல் காட்டினாள். முடித்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நோர்பு திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்னால் ஏதோ மாட்டின் மணி கேட்டது. அவன் மெதுவாகச் சொன்னதை அவள் பிறகு என் கார் வரை நடந்து வரும் வழியில் எனக்குச் சொன்னாள்.

"'வெட்டித் தந்தது நான். தூக்கிக்கொண்டு போகச் சொன்னது அப்பா. நாயை வளர்த்தது அம்மா. நீ மட்டும் ஏன் தனியச் சுமக்கிறாய்' எண்டு சொன்னான் அக்கா."

மலையிலிருந்து இறங்கியவர்கள்

நோர்பு சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கூடாரங்களுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறான். பலர் சிரித்தார்களாம். ஒரு கிழவர், நாய்க்கும் மாத்திரை கொடுக்க நாமென்ன கனடாக்காரரா என்று கேட்டாராம். ஆனால் அந்த மலையில் வயிறு வீங்கிச் செத்த பிள்ளை பேமா மட்டும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் யாரையாவது நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வசந்தத்தில் ஐந்து வீட்டுக்காரர் சேர்ந்து, நான்கு நாள் நடந்து, வயிற்றைப் படம் எடுக்கும் மெஷின் இருந்த ஊருக்கு இறங்கினார்கள்.

அந்தக் கிழமை டோல்மா எங்கள் இல்லத்தில் தட்டுகளை மாற்றி மாற்றி வைத்தாள். சீனி வேண்டாதவருக்குச் சீனி போட்டாள். நான் பின்னாலேயே போய்த் திருத்திக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியான இடைவேளையில் அவளுடைய தொலைபேசி அதிர்ந்தது. ஓய்வறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நின்றபடியே கேட்டாள். இடையில் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளையள் இரண்டுக்கும் ஒண்டும் இல்லையாம்" என்றாள். "அண்ணிக்கும் இல்லை."

"நோர்புவுக்கு?"

"இருக்காம். ஈரலிலை. ஒண்டு, சின்னன். வெட்டத் தேவையில்லை, மாத்திரை போதுமாம்." தொலைபேசியை இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் வாய் சிரித்தது. "அவன் சிரிக்கிறான் அக்கா. உனக்கு வந்தது எனக்கும் வந்திட்டுது, இனி எப்பிடி மருந்து குடிக்கிறது எண்டு நீதான் எனக்குச் சொல்லவேணும் எண்டு சொல்லுறான்."

அவள் கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்தாள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, வெறும் வயிற்றில் கூடாது, வெண்ணெய் சேர்த்துச் சாப்பிடு என்று, தான் குடித்து முடித்த மருந்தின் விவரத்தை ஒவ்வொன்றாகக் காகிதத் துவாயில் எழுதி, எழுதியதை அண்ணனுக்கு உரக்க வாசித்துக் காட்டத் தொடங்கினாள்.